சொல் தவறாக் கிழவன்

நம் கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பௌதிகம் பயிற்றி ஓய்வு பெற்ற என்னிடம், இவ்வாண்டுச் சஞ்சிகைக்கு ஒரு பிரயாணக் கட்டுரை எழுதித் தருமாறு தமிழ்ப் பகுதியின் பதிப்பாசிரியர் கேட்டனர். பிரயாணம் செய்தது உண்மையே. 2023ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு பகலும் ஓர் இரவும் மறுநாட் காலையும் கழித்தேன். ஆனால் அதனை எழுதப் புகுங்கால், 1984ஆம் வருஷத்தில் நம் பௌதிக ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த ஒன்றையும் உடன் எழுதாதிருத்தல் எனக்கு இயலவில்லை. அப்பகுதி சஞ்சிகைக்குத் தகாதென்று கருதினால் கட்டுரை முழுவதையுமே விட்டுவிடுமாறு பதிப்பாசிரியரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதற்கண், யான் காணச் சென்ற பொருள் யாதெனச் சொல்லவேண்டும். பூமியின் உள்ளிருந்து வெந்நீரும் ஆவியும் இடைவிட்டு இடைவிட்டு வானளாவப் பீறிட்டெழும் ஊற்றுக்களைக் கெய்சர் என்பர். அச்சொல் ஐஸ்லாந்து நாட்டினின்று வந்தது. அங்குள்ள கெய்சிர் என்னும் ஓர் ஊற்றின் பெயரே பின்னர் அவ்வினம் முழுமைக்கும் பொதுப்பெயராயிற்று. 1846இல் ஜெர்மானிய இரசாயன அறிஞர் பன்சன் என்பார், தம் பெயர் பூண்ட அடுப்பினால் நம் மாணாக்கர் யாவரும் அறிந்தவர், அந்நாட்டுக்குச் சென்று ஊற்றின் குழாயில் பற்பல ஆழங்களில் உஷ்ணத்தை அளந்து, அதன் இயக்கத்துக்கு ஒரு விளக்கம் கண்டார். நீர் கொதிக்கும் உஷ்ணநிலை அதன்மீதுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. ஆழமான குழாயின் அடியிற் கிடக்கும் நீர், மேலேயுள்ள நீரின் பாரத்தைச் சுமந்திருத்தலால், வெளியிற் கொதிக்கவேண்டிய பாகையைக் கடந்த பின்னரும் கொதியாமல் அடங்கிக் கிடக்கும். உஷ்ணம் மேன்மேலும் ஏற, ஆவிக் குமிழிகள் தோன்றி மேல்நீரிற் சிறிதை வெளியே தள்ளும். அக்கணமே பாரம் குறையும். பாரம் குறைந்தவுடன் அடிநீர் சடுதியில் ஆவியாக மாறி, தன்மேலுள்ள அனைத்தையும் வாரி விண்ணில் எறியும். பின்னர்க் குழாய் வறிதாகி, மீண்டும் நிறைந்து, மீண்டும் கொதிக்கத் தொடங்கும்.

இவ்விளக்கத்தைக் கண்ணாற் காட்டுதற்கு அறிஞர் டிண்டால் ஒரு கருவி அமைத்தார். அதனைப் பின்பற்றி யானும் ஆறடி நீளமுள்ள இரும்புக் குழாயொன்றின் தலையில் பித்தளைத் தாம்பாளத்தைப் பொருத்தி, அடியில் அடுப்பேற்றி, ஆண்டுதோறும் கடைசி வருஷ வகுப்புக்குக் காட்டி வந்தேன். ஆய்வுக்கூடத்தின் மேற்குச் சுவரோரத்துக் கூரையில் இன்றும் காணப்படும் வட்டமான கறை அதன் கைவரிசையே. மழை ஒழுக்கென்று எண்ணி இருமுறை கொத்தரை அழைத்தவர்கள் இனியேனும் உண்மை அறிந்துகொள்வார்களாக.

1984ஆம் வருஷத் தொடக்கத்தில் இக்காட்சியைக் காட்டிக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணாக்கன் ஒருவன், தனக்குக் கைக்கடிகாரம் இல்லாமையால் நண்பனுடையதை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுச்சியின் நேரத்தையும் தன் குறிப்பேட்டில் எழுதி வந்தான். ஏழு எழுச்சிகள் முடிந்தபின் எழுந்து நின்று, “ஐயா, இடைவெளி ஒரே அளவாக இல்லையே. சிறிதாக எழுந்தால் அடுத்தது விரைவில் வருகிறது. பெரிதாக எழுந்தால் தாமதிக்கிறது” என்றான். “அது அடுப்பின் குற்றம்” என்று விடை கூறி, அவனை உட்காரச் செய்தேன்.

கல்லூரித் தேர்வில் கொதிநீர் ஊற்றுக்களைப் பற்றிய வினா வந்தது. எங்கள் பாடப் புத்தகத்தில், எல்லோஸ்டோனிலுள்ள ‘ஓல்டு பெயித்புல்’ என்னும் ஊற்று 65 நிமிஷத்துக்கு ஒருமுறை தவறாது எழும் என ஒரு வரி இருந்தது. மாணாக்கர் அனைவரும் அதனை எழுதினர். இவன் மட்டும், 65 என்பது சராசரியே அன்றி நியதி அன்று எனவும், எழுச்சி நீடித்த நேரத்தைக் கொண்டே அடுத்த இடைவெளியைக் கணிக்கவேண்டும் எனவும் ஒரு பக்கம் எழுதியிருந்தான். யான் சிவப்பு மையினால் அப்பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு மூன்று மதிப்பெண் குறைத்தேன். அதனோடு நின்றேனா எனின், நிற்கவில்லை. விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அப்பக்கத்தை வகுப்பில் உரக்கப் படித்து, “எல்லோஸ்டோனுக்கு எப்போது சென்று வந்தாய்?” என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன், “நூல்நிலையத்தில் பழைய சஞ்சிகைத் தொகுதி ஒன்றில் படித்தேன், ஐயா. எடுத்து வரட்டுமா?” என்றான். மணி அடித்துவிட்டது. வேண்டாமென்று கையசைத்தேன். அவ்வாண்டு பௌதிகப் பரிசு இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் வேறொருவருக்குப் போயிற்று.

அவ்வாண்டு ஜூலை மாதத்தில் நூல்நிலையக் கணக்கெடுப்புக்கு என்னை நியமித்திருந்தார்கள். அமெரிக்க மிஷனரி ஆசிரியர் ஒருவர் தாயகம் திரும்புங்கால் விட்டுச் சென்ற தொகுதிகளைத் தூசி தட்டி அடுக்கும்போது அந்தத் தொகுதி அகப்பட்டது. எழுச்சியின் நீளத்துக்கும் அடுத்த இடைவெளிக்கும் கணிதத் தொடர்பு உண்டென்பதை ஹாரி உட்வர்டு என்பார் 1938ஆம் வருஷத்திலேயே எடுத்துக்காட்டினார் என்னும் செய்தி அதில் அச்சிடப்பட்டிருந்தது. மாணாக்கன் எழுதியது ஏறத்தாழ அவ்வாறே இருந்தது. அப்போது அவன் மேற்படிப்புக்காக வேற்றூர் சென்றிருந்தான். விலாசம் அலுவலகத்தில் இருந்தது. யான் தொகுதியை அடுக்கில் வைத்துவிட்டு இலக்கத்தைப் பதிந்துகொண்டேன். அவனுக்கு ஒரு வரியும் எழுதவில்லை.

அம்மாணாக்கர் (அன்று அவன் என்றேன், இன்று அவருக்கு அறுபது வயது; எனினும் நேரிற் பேசும்போது என் நாவில் ‘தம்பி’ என்றே வருகிறது) நிலத்தடி நீரைப் பற்றிய ஆராய்ச்சியில் தேர்ந்து, ஐடஹோ மாநிலத்தில் நெடுங்காலமாக வசிக்கிறார். கிறிஸ்துமஸ் தோறும் எனக்கு வாழ்த்து அனுப்புவார். யான் சால்ட் லேக் நகரத்திலுள்ள என் மகள் வீட்டுக்கு வந்திருப்பதை அறிந்து, “ஐயா, தாங்கள் எல்லோஸ்டோனைப் பார்த்தே செல்லவேண்டும். நான் வந்து அழைத்துப் போகிறேன்” என்று தொலைபேசியிற் கூறினார். அப்பெயரை அவர் குரலிற் கேட்டவுடன் என் உள்ளம் துணுக்குற்றது. முழங்கால் வலியென்று சாக்குச் சொன்னேன். ஏற்றுக்கொள்ளவில்லை.

ஏறத்தாழ 320 மைல் மோட்டாரிற் சென்று மேற்கு வாயிலை அடைந்தோம். பூங்கா என்றவுடன் நம் நகரங்களிலுள்ள புல்வெளியும் பூம்பாத்தியும் எவருக்கும் நினைவு வரக்கூடும். இஃது 3,400 சதுர மைலுக்கு மேற்பட்ட மலைநாடு. 1872ஆம் வருஷம் மார்ச்சு 1ஆம் நாள் ஜனாதிபதி கிராண்டு கையொப்பமிட்ட சட்டத்தினால், எவரும் உரிமை கொண்டாடாமல் எல்லார்க்கும் பொதுவாக ஒதுக்கப்பட்டது. எல்லார்க்கும் என்றேன். அங்கு வழிவழியாக வாழ்ந்து மலையாட்டை வேட்டையாடி வந்த பழங்குடியினரை மட்டும் சில ஆண்டுகளுக்குள் அப்புறப்படுத்தினர் என்பதையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று.

இந்நிலத்தின் அடியில் ஒரு பெரும் எரிமலை உறங்குகிறது. ஏறத்தாழ 6,40,000 ஆண்டுகளுக்கு முன் அது கடைசியாகப் பெருவெடிப்பு வெடித்தபோது நிலம் உள்ளே சரிந்து பெரும்பள்ளமாயிற்று. அதன் வெப்பமே இன்றும் கீழிருந்து ஊற்றுக்களுக்கு அடுப்பாக இருக்கிறது. வெந்நீர்க் குளம், சேற்றுக் கொப்பளம், ஆவித் துளை முதலியன யாவும் சேர்த்துப் பதினாயிரத்துக்கு மேல் உண்டென்பர். உலகில் இயங்கும் கெய்சர்களிற் பாதி இங்கேயே உள்ளன. வழியில் பயர்ஹோல் என்னும் ஆற்றோரமாகச் செல்லுங்கால், கரையினின்று வெந்நீர் ஓடைகள் ஆற்றில் விழுவதும், விழுமிடத்தில் குளிர்ந்த நீரின்மேல் ஆவி படர்வதும், அவ்வாவிக்கிடையே பைசன் என்னும் காட்டெருதுகள் அசையாமல் நிற்பதும் கண்டேன். யான் கண்டவற்றுள் அவ்விலங்குகளுக்கே ஊற்றுக்களிடத்துச் சிறிதும் வியப்பில்லை.

சாலையின் இருமருங்கும் லாட்ஜ்போல் பைன் மரங்கள் ஒரே உயரத்தில், நாற்று நட்டாற்போல் நெருங்கி நின்றன. காரணம் வினவினேன். 1988ஆம் வருஷக் கோடையில் பூங்காவின் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட நிலத்தில் நெருப்புப் பரவியதாம். இம்மரத்தின் காய்களிற் பல பிசினால் இறுக மூடிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிளையிலேயே இருக்கும். நெருப்பின் வெம்மையில் பிசின் உருகிய பின்னரே வாய் திறந்து விதையைச் சொரியும். ஆகவே அங்கு நிற்பவை யாவும் அவ்வொரு கோடைக்குப் பிறந்த ஒரே வயதுப் பிள்ளைகள்.

நண்பகலுக்குச் சற்று முன்னர் ஊற்றின் அருகிலுள்ள நிலையத்தை அடைந்தோம். அங்கே ஒரு பலகையில், அடுத்த எழுச்சி 11 மணி 42 நிமிஷத்துக்கு, முன்பின் 10 நிமிஷம் எனக் குறிக்கப்பட்டிருந்தது. அருகில் சிறுவர் சிலர்க்குக் காவல் அதிகாரியான ஒரு பெண்மணி, அந்நேரத்தைக் கணிக்கும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்தார். முந்தைய எழுச்சி இரண்டரை நிமிஷத்துக்குக் குறைவாக இருந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலும், அதனினும் நீடித்திருந்தால் ஒன்றரை மணி நேரம் கழித்தும் அடுத்தது எழும் என்றார். எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று, “நீளமாக எழுந்தால் நிறையக் காலியாகிவிடும். அதனால் நிறைய நேரம் வேண்டும்” என்றது. “மிகச் சரி” என்றார் அப்பெண்மணி. யான் என் மாணாக்கரின் முகத்தை நோக்கத் துணியவில்லை. அவரோ பலகையைப் பார்த்து, “இன்னும் அரை மணி இருக்கிறது, ஐயா. உட்கார இடம் பார்ப்போம்” என்றார்.

ஊற்றைச் சுற்றி வில்போல் வளைந்த நீண்ட பலகை ஆசனங்கள் உள்ளன. நூற்றுக்கணக்கானவர் அமர்ந்திருந்தனர். நடுவே வெண்சாம்பல் நிறத்தில் தாழ்ந்த ஒரு மேடு, அதன் உச்சியிலிருந்து மெல்லிய ஆவி. கீழிருக்கும் பாறையிலுள்ள சிலிகாவை வெந்நீர் கரைத்து வந்து மேலே படியவிட்டுப் படியவிட்டு அம்மேடு உண்டாயிற்று. அதே சிலிகா குழாயின் உட்சுவரையும் பூசி இறுகச் செய்திருத்தலாலேயே அத்துணை அழுத்தத்தை அது தாங்குகிறது. 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர் இக்குழாய்க்குள் சிறிய படக்கருவியை இறக்கிப் பார்த்தபோது, சுமார் 22 அடி ஆழத்தில் நான்கு அங்குலத்தைச் சிறிதே கடந்த ஒரு குறுகிய இடுக்கைக் கண்டனர். இத்தனை ஆரவாரமும் ஒரு மனிதன் கை நுழையும் அளவே உள்ள வாயில் வழியாக நிகழ்கிறது.

இதற்கு இப்பெயரிட்டவர் 1870ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் இப்பகுதியைச் சுற்றிப் பார்த்த வாஷ்பர்ன் குழுவினர். தாங்கள் தங்கிய சிறு காலத்துள் ஒன்பது முறை ஒழுங்காக எழக் கண்டு, ‘முதிய விசுவாசி’ என்னும் பொருள்பட ஓல்டு பெயித்புல் என்றனர். அதனை யான் என் மனத்துக்குள் ‘சொல் தவறாக் கிழவன்’ என்று தமிழாக்கிக்கொண்டேன். ஒன்பது சாட்சிகளைக் கொண்டு அவர்கள் தீர்ப்பளித்தனர். யான் புத்தகத்தின் ஒரு வரியைக் கொண்டு அளித்தேன். பின்வந்த சிலர்க்கு மரியாதை இவ்வளவும் இல்லை. 1882இல் இவ்வழி வந்த படைவீரர் தங்கள் அழுக்கு ஆடைகளை இதன் வாயிற் போட்டு எழுச்சிக்குக் காத்திருந்தனராம். நூலாடைகள் வெளுத்து வந்தன, கம்பளியாடைகள் கிழிந்து சிதைந்தன என்று அக்காலத்து வழிகாட்டி நூலொன்று கூறுகிறது.

யான் பேசத் தொடங்கினேன். “தம்பி, அந்த வருஷம் உன் விடைத்தாளில்...” என்று ஆரம்பித்ததும் மேட்டின் உச்சியில் நீர் ஒருமுறை தெறித்தது. கூட்டம் ஆவென்றது. அடங்கிற்று. மீண்டும் தெறித்தது. இவ்வாறு பலமுறை ஏமாற்றியபின், ஒரு தெறிப்பு அடங்காமல் மேன்மேல் ஏறி, பனைமரத்தின் உயரத்தையும் தாண்டி நின்றது. 106 அடியிலிருந்து 185 அடி வரையில் எழும் என்பது கணக்கு. யான் கண்டது அதற்கு இடைப்பட்டதாயிருக்கலாம். நீர் என்பதைவிட, வெண்மையே உருக்கொண்டு மேலேறிச் சிதறி, காற்று வீசும் பக்கமெல்லாம் ஆவிமேகமாய்ச் சாய்ந்தது எனல் பொருந்தும். ஓசை யான் எதிர்பார்த்ததைவிடக் குறைவே. முறத்தில் நெல் புடைக்கும் ஓசையை ஆயிரம் மடங்கு பெருக்கினாற்போல் இருந்தது. ஏறத்தாழ நான்கு நிமிஷம் நீடித்தது. அடங்கியவுடன் ஜனங்கள் எழுந்து உணவு விடுதிகளை நோக்கி விரைந்தனர். மாணாக்கர் தம் கடிகாரத்தைப் பார்த்து ஏதோ ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதினார். முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பழக்கம் மாறவில்லை. யான் தொடங்கிய வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

அன்றிரவு தங்குவதற்கு ஓல்டு பெயித்புல் இன் என்னும் விடுதியில் அவர் பல மாதங்களுக்கு முன்னரே இடம் பதிந்து வைத்திருந்தார். இவ்விடுதியைக் குறித்துச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். கட்டடம் என்னும் சொல்லால் யான் இதுகாறும் நினைத்துவந்ததை அது மாற்றிவிட்டது. நார்தர்ன் பசிபிக் ரெயில்வேயின் பொருளுதவியால், ராபர்ட் ரீமர் என்னும் சிற்பி, அப்போது ஏறத்தாழ முப்பது வயதினர், இதனைத் திட்டமிட்டார். 1903ஆம் வருஷக் கூதிரில் தொடங்கி, பனி மூடிய குளிர்காலம் முழுதும் வேலை செய்து, 1904ஆம் வருஷக் கோடையில் திறந்துவிட்டனர். சுவர், தூண், மாடிப்படி யாவும் அக்காட்டு மரங்களே. கோணலாகவும் முடிச்சாகவும் வளர்ந்த கிளைகளை ஒருவரும் பயனற்றவை என்று எறியவில்லை. அவற்றையே தேடி எடுத்துக் கைப்பிடிக்கும் தாங்குகோலுக்கும் பொருத்தியிருக்கிறார்கள். நேரான மரம் பாரத்தைச் சுமக்கிறது. கோணல் மரம் கண்ணைக் கவர்கிறது.

கனத்த செந்நிறக் கதவைத் தள்ளி உட்புகுந்தால், கூரை ஏறத்தாழ 76 அடி உயரத்தில் இருளில் மறைந்து நிற்கிறது. மாடத்துக்கு மேல் மாடமாக நடைபாதைகள் சுற்றிச் செல்கின்றன. நடுவே 500 டன் எடையுள்ள கல்லால் எழுப்பிய கணப்பு, பாறை ஒன்று கூரையைத் துளைத்து வளர்ந்தாற்போல் மேலே போகிறது. அதன் ஒரு முகத்தில், ரீமர் வரைந்து கொடுத்தபடி கருமான் ஒருவர் அடித்துச் செய்த பெரிய இரும்புக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கூரைக்கருகில் பறவைக்கூடு போன்ற ஒரு சிறு மேடை உண்டு. முற்காலத்தில் அதன்மீது அமர்ந்து வாத்தியம் வாசிக்க, கீழே விருந்தினர் நடனமாடுவராம். 1959ஆம் வருஷம் ஆகஸ்டு 17ஆம் நாள் இரவு, பூங்காவின் மேற்கே ஹெப்கன் ஏரியருகே பெரும் பூகம்பம் உண்டாகி 28 பேர் மாண்டனர். அவ்வதிர்ச்சியில் இவ்விடுதியின் உணவறைப் புகைபோக்கி இடிந்து விழுந்தது. அன்றுமுதல் அம்மேடைக்குப் பார்வையாளரை விடுவதில்லை.

பழைய பகுதியில் எங்களுக்குக் கிடைத்த அறை மிகச் சிறியது. மரச்சுவர், இரும்புக் கட்டில். தொலைக்காட்சி இல்லை, குளிர்சாதனம் இல்லை. குளியலறை நடைபாதையின் கோடியில், பலர்க்கும் பொது. நம் கல்லூரி விடுதியில் வார்டனாக ஆறாண்டு வாழ்ந்த எனக்கு இஃது ஒரு குறையாகத் தோன்றவில்லை. வாடகை மட்டும் நம் விடுதியை ஒத்ததாயில்லை.

இரவு உணவுக்குப்பின் கணப்பின் அருகே ஆடுநாற்காலிகளில் அமர்ந்தோம். 1988ஆம் வருஷம் செப்டம்பர் 7ஆம் நாளைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். விறகு வெட்டுவோர் எறிந்த சிகரெட்டுத் துண்டினால் ஜூலையில் மூண்ட நெருப்பு, அன்று பெருங்காற்றால் உந்தப்பட்டு இவ்விடுதியின் எதிர்மலைக்கு வந்துவிட்டது. முந்திய வருஷத்திலேதான் கூரையின்மீது நீர் தெளிக்கும் குழாய்களை அமைத்திருந்தனர். அவற்றைத் திறந்துவிட்டு, தீயணைப்போரும் நின்று போராட, நெருப்பு இதனைத் தீண்டாமல் அப்பாற் சென்றது. “எண்பத்து மூன்று வருஷம் இல்லாத குழாய், வேண்டிய வருஷத்துக்கு ஒரு வருஷம் முன்னதாக வந்திருக்கிறது, ஐயா” என்றார்.

இனியும் தாமதித்தல் ஆகாதெனத் துணிந்து, யான் அனைத்தையும் சொன்னேன். சிவப்புக் கோடு, வகுப்பிற் கேட்ட கேள்வி, பரிசு. அவர் ஆடுநாற்காலியை நிறுத்தினார்.

“இரண்டு மதிப்பெண், ஐயா” என்றார். “மதிப்பெண்ணை மறந்திருப்பேன். வகுப்பு சிரித்ததை மறக்க இயலவில்லை. என் மகன் சிறுவனாக இருந்தபோது ஏதேனும் புதிதாகச் சொன்னால், ‘எப்போது போய் வந்தாய்’ என்று என் நாவிலும் வரும். விழுங்கிக்கொள்வேன். தங்களை இங்கு அழைத்து வந்தது அதற்காக அன்று. வழியில் பாதி தூரம் வந்தபின்னரே எனக்கு அது நினைவு வந்தது.”

“நீ எழுதியது சரியென்பதை யான் பின்னர் அறிந்தேன். அந்தத் தொகுதியைக் கண்டேன்.”

“எப்போது?”

“அந்த வருஷமே. ஜூலையில்.”

அவர் நெடுநேரம் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குடும்பம் சீட்டாடிச் சிரித்துக்கொண்டிருந்தது. “ஓர் அஞ்சலட்டை போட்டிருக்கலாமே, ஐயா” என்றார். அவர் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாயிருக்கும். “போட்டிருக்கலாம்” என்றேன். வேறு சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளின் முன் தவறை ஒப்புக்கொண்டால் ஆசிரியனின் மதிப்புக் குறையும் என்று அந்நாளில் எண்ணினேன் என்பதை இங்கு எழுதுகிறேன். அவரிடம் அதனைச் சொல்லவில்லை.

பேச்சை மாற்றியவர் அவரே. அக்கிழவனும் ஒருமுறை சொல் தவறியிருக்கிறான் என்றார். 2020இல் வெளியான ஓர் ஆராய்ச்சியாம். ஊற்றின் மேட்டிலேயே கல்லாய்ச் சமைந்த மரத்துண்டுகள் சில அகப்பட்டன. வெந்நீர் பாயும் மேட்டில் மரம் முளையாது. முளைத்ததெனின், நீர் பாயவில்லை என்பது பெறப்படும். கரியின் கதிரியக்கத்தைக் கொண்டு காலத்தை அளந்தபோது அவை 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை எனத் தெரிந்தது. அக்காலத்தில் அப்பகுதியில் கொடிய வறட்சி நெடிது நீடித்தது. மழையும் பனியும் குறைய, அடிக்குழாய்க்கு நீர் வரத்துக் குன்றி, ஊற்று பல்லாண்டு காலம் எழவேயில்லை. அதன் வாயோரத்திலே பைன் மரங்கள் வளர்ந்து நின்றன. பிற்காலத்திலும் பூகம்பங்கள் அதன் நடையை மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. 1959இல் நீண்ட இடைவெளி, 1983ஆம் வருஷம் அக்டோபரில் ஐடஹோவின் போரா சிகரத்தருகே நிகழ்ந்த பூகம்பத்தால் மேலும் நீண்டது. இன்று சராசரி ஒன்றரை மணி நேரத்தை எட்டிவிட்டது. ஆகவே, 1984இல் 65 என்று எழுதிய ஏனைய மாணாக்கர்க்கு யான் முழு மதிப்பெண் வழங்கிய நாளில் அவ்வெண் ஏற்கெனவே பழையதாகியிருந்தது. இக்கணக்கை அவர் போடவில்லை. கட்டிலிற் படுத்தபின் யானே போட்டுக்கொண்டேன்.

மறுநாள் வைகறையில் கதவைத் தட்டி எழுப்பினார். வெளியே புல்லின்மேல் உறைபனி. ஆசனங்களில் எங்களையன்றி நால்வரே இருந்தனர். ஊற்று எழுந்தது. காற்றில்லாமையால் நேராக நின்றது. இளவெயில் உச்சியை மட்டும் தொட்டது. ஆனால் எழுந்த சிறிது நேரத்திலேயே தளர்ந்து அமர்ந்துவிட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்து, “இரண்டு நிமிஷம் பத்து வினாடி. இவ்வளவு குறுகியது இக்காலத்தில் அரிது” என்று குறிப்பேட்டில் எழுதினார். பின்னர் அதனை மூடி மடியில் வைத்துக்கொண்டு, “அடுத்தது எப்போது, ஐயா?” என்று கேட்டார்.

யான் சிறிது எண்ணிப் பார்த்து, “65 நிமிஷம்” என்றேன்.

அவர் முதலில் விளங்காதவர்போல் என்னை நோக்கினார். அதன்பின் அந்த ஆசனம் அதிரும்படி சிரித்தார். நால்வரும் திரும்பிப் பார்த்தனர். எனக்கும் சிரிப்பு வந்தது.

விடுதிக்குட் சென்று இரண்டு காகிதக் கோப்பைகளில் காப்பி வாங்கி வந்து, மீண்டும் அங்கேயே அமர்ந்தோம். இதனைச் சஞ்சிகைக்கு எழுதலாமா என்று அப்போதே கேட்டேன். எழுதுங்கள், என் பெயர் மட்டும் வேண்டாம் என்றார். அவர் மகனைப் பற்றியும், நம் நூல்நிலையத்தில் இப்போது அந்தத் தொகுதிகள் எங்கே இருக்கின்றன என்பது பற்றியும் பேசினோம். பழைய கட்டடத்தின் மாடியில், வடக்கு மூலையில், மூன்றாம் அடுக்கில் இருக்கின்றன. வேண்டுவோர் பார்க்கலாம். அறுபத்தேழாம் நிமிஷத்தில் ஊற்று எழுந்தது. அதற்குள் காப்பி ஆறிவிட்டிருந்தது.